கணனியில் சந்தேகமான கோப்பு

இடம்பெயர்ந்த நமக்குக் காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளும் சொத்துத்தான். இன்று திம்புள்ளயிலும் நம்மிற் சிலர் அவற்றைக் கணனியில் வைத்திருக்கிறோம். வைரஸ் புகுந்தால் அவை அழியலாம்.

2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் காதல் கடிதமாக வந்தது. கோப்பின் பெயரில் கடிதம் போல 'டிஎக்ஸ்டி' தெரிந்தது. அதன் பின்னே 'விபிஎஸ்' மறைந்திருந்தது. திறந்தவர்களின் படங்கள் அழிந்தன.

ஆகவே விண்டோஸ் கணனியில் 'வியூ' பகுதிக்குச் சென்று, கோப்புப் பெயரின் கடைசி எழுத்துக்கள் தெரியும்படி செய்வோம். படமென்று வந்தது 'இஎக்ஸ்இ' என முடிந்தால் திறக்க வேண்டாம். வைரஸ் தடுப்பு மென்பொருளைப் புதுப்பித்து, கணனி முழுவதையும் சோதித்து, அது காட்டுவதை நீக்குவோம். பெயர் விளங்காத எல்லாவற்றையும் நாமாக அழித்தால் கணனியே இயங்காது போகலாம்.

பத்திரங்களின் பிரதியை இன்றே ஒரு பென் டிரைவில் பதிந்து, கழற்றிப் பத்திரப்படுத்துவோம்.