கோவிட்-19 நோய்க்குப் பிந்தைய உடல்நிலை

கோவிட்-19 நோய்க்குப் பிந்தைய உடல்நிலை என்பது, கொரோனா தீநுண்மித் (வைரசு) தொற்றுக்கு ஆளானவர்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்னர் அவர்களிடம் காணப்படும் உடல், உள நலக் குறைகளையும் அவற்றிலிருந்து மீளும் காலத்தையும் குறிக்கும். பெரும்பாலானோர் சில வாரங்களில் முழு நலம் பெறுகின்றனர். சிலருக்கு அறிகுறிகள் பல மாதங்கள் நீடிக்கின்றன. இவ்வாறு நீடிப்பது நெடுங்கோவிட் எனப்படுகிறது. தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ 3 மாதங்களுக்குப் பின் காணப்படுவதும், குறைந்தது 2 மாதங்கள் நீடிப்பதும், வேறு நோயால் விளக்க இயலாததுமான நிலை என உலக சுகாதார அமைப்பு 2021 அக்டோபர் 6 அன்று இதனை வரையறுத்தது.

தொற்று நீங்குதலும் நலம் பெறுதலும்

மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்படுதல் என்பது நோய் முற்றிலும் குணமாகிவிட்டது என்று பொருள்படாது. இந்திய நடுவண் அரசு 2020 மே 8 அன்று வெளியிட்ட நெறிமுறைப்படி, இலேசான நோயுடையவர்கள் அறிகுறி தோன்றிய 10 நாட்களுக்குப் பின், கடைசி 3 நாட்கள் காய்ச்சல் இல்லாதிருந்தால், மறு பரிசோதனையின்றியே விடுவிக்கப்பட்டனர். தீநுண்மியின் மரபுப்பொருள் துணுக்குகள் சிலரது மூக்கிலும் தொண்டையிலும் பல வாரங்கள் எஞ்சியிருந்து பரிசோதனையில் தென்படலாம். இவை பெரும்பாலும் பிறருக்கு நோயைப் பரப்புவதில்லை. இவ்வேறுபாடு அறியப்படாமையால், வீடு திரும்பியவர்களை அக்கம்பக்கத்தார் ஒதுக்கி வைத்த நிலை பல ஊர்களில் காணப்பட்டது. மறுபுறம், தொற்று நீங்கியவர்கள் முழு நலம் பெற்றுவிட்டதாகக் கருதப்பட்டு, மறுநாளே வேலைக்குச் செல்லும் நிலையும் இருந்தது.

காரணங்கள்

* நுரையீரல்: அழற்சியால் காற்றுப்பைகள் சேதமுறுகின்றன. சிலருக்கு அங்கு தழும்பு உண்டாகி, உயிர்வளி குருதியில் கலப்பது குறைகிறது.
* தசைகள்: நீண்ட நாள் படுக்கையிலும் செயற்கைச் சுவாசத்திலும் இருந்தவர்களின் தசைகள் மெலிகின்றன. நடத்தல், விழுங்குதல் ஆகியவையும் கடினமாகலாம்.
* குருதி: இந்நோய் குருதி உறையும் தன்மையை மிகுவிக்கிறது. இதனால் கால் நாளங்களிலும் நுரையீரலிலும் குருதிக்கட்டிகள் தோன்றலாம்.
* மருந்துகள்: உயிர் காக்கும் பொருட்டு அளிக்கப்பட்ட டெக்சாமெத்தசோன் முதலிய இசுடீராய்டு மருந்துகள் குருதியில் சர்க்கரையின் அளவை உயர்த்துகின்றன.

நெடுங்கோவிட்டுக்கு நோயெதிர்ப்பு முறைமை சீர்குலைதல், உடலில் தீநுண்மியின் எச்சங்கள் தங்குதல் முதலியன காரணங்களாகக் கருதப்படுகின்றன.

அறிகுறிகள்

களைப்பு, மூச்சிரைப்பு, இருமல், நெஞ்சுப் படபடப்பு, மூட்டுவலி, மணமும் சுவையும் அறியாமை, தூக்கமின்மை, மறதி, கவனக்குறைவு ஆகியன பரவலாகக் காணப்படுகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களிடம் அச்சம், மனச்சோர்வு, கெட்ட கனவு ஆகியனவும் தோன்றலாம். சிலருக்குச் சிறிதளவு உழைத்தாலும், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ களைப்பு பன்மடங்கு மிகும்.

கருப்புப் பூஞ்சை நோய்

நோயாளி வீடு திரும்பிய பின்னும் கண்காணிப்பு தேவை என்பதை 2021 ஆம் ஆண்டின் இரண்டாம் அலை உணர்த்தியது. கருப்புப் பூஞ்சை எனப்பட்ட மியூக்கோர்மைக்கோசிசு நோயை 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அவ்வாண்டு சூன் இறுதிக்குள் இந்தியாவில் 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நீரிழிவு உடையவர்கள். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதே இதற்குத் தலையாய தடுப்பு முறையாகும்.

தமிழ்நாட்டில் தொடர் கவனிப்பு

வீடு திரும்பிய 7 நாட்களுக்குள் நேரிலோ தொலைபேசியிலோ முதல் மறு ஆய்வு நடைபெற வேண்டும் என்று நடுவண் அரசின் 2020 செப்டம்பர் 13 நெறிமுறை கூறியது. அவ்வாண்டிலேயே சென்னை இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது.

நகரங்களுக்கு வெளியே இவ்வசதியை அடைவது எளிதாக இருக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள வாசுதேவநல்லூர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இவ்வூர் அமைந்துள்ள தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. சில மாதங்களில் பெருந்தொற்று வந்தபோது புதிய மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. சங்கரன்கோவில், தென்காசி அரசு மருத்துவமனைகளுக்கு அப்பால், உயர் சிகிச்சைக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே செல்ல வேண்டியிருந்தது. நெல், கரும்பு, எலுமிச்சை விளையும் இப்பகுதியில் நாட்கூலியை நம்பி வாழ்பவர்களுக்கு, மறு ஆய்விற்குச் செல்வது ஒரு நாள் கூலியை இழப்பதாகும்.

2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளையும் இயன்முறை மருத்துவத்தையும் வீடுகளுக்கே கொண்டு சென்றது. இது கோவிட் நோய்க்கென உருவாக்கப்பட்டதன்று. எனினும், வீடு திரும்பியவர்களுக்கு மிகவும் தேவைப்பட்ட உதவிகள் இவையே.

மீட்சிக்கான வழிகள்

நெடுங்கோவிட்டைக் குணமாக்கும் தனி மருந்து இதுவரை உறுதி செய்யப்படவில்லை. உழைப்பைப் படிப்படியாக மிகுவித்தலே பொதுவான வழிமுறை. பேசிக்கொண்டே நடக்க இயலும் வேகத்தில் முதலில் வீட்டுக்குள்ளும் பின்னர் தெருவிலும் நடக்கலாம். வரப்பு வெட்டுதல், சுமை தூக்குதல் போன்ற கடின வேலைகளை இறுதியாகவே தொடங்க வேண்டும். உழைத்த மறுநாள் களைப்பு மிகுபவர்கள் தம்மை வருத்திப் பயிற்சி செய்தல் தீங்கானது. அவர்கள் வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே ஓய்வு கொள்ள வேண்டும்.

பருப்பு, முட்டை, மீன், பால் முதலிய புரத உணவுகள் தசைகள் மீள உதவும். இருமல் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இசுடீராய்டு, குருதியுறைவுத் தடுப்பு மருந்துகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதும் நீட்டிப்பதும் ஆபத்தானவை.

உடனடியாக மருத்துவமனையை நாட வேண்டிய நிலைகள்

* ஓய்வில் இருக்கும்போதும் மூச்சுத்திணறல், அல்லது உயிர்வளி அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்குதல்
* நெஞ்சுவலி, மயக்கம், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல்
* ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்
* முகத்தில் ஒரு பக்க வலி அல்லது வீக்கம், கண் சிவத்தல், பார்வை இரட்டையாதல், மூக்கிலிருந்து கருநிற நீர் வடிதல்
* தற்கொலை எண்ணம்

உலக சுகாதார அமைப்பு 2023 மே 5 அன்று கோவிட்-19 நோய்க்கான உலகளாவிய அவசர நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. எனினும் தொற்று முற்றிலும் மறையவில்லை. அதன் பின்விளைவுகளும் தொடர்கின்றன. தடுப்பூசி செலுத்திக்கொண்டவர்களுக்கு நெடுங்கோவிட் ஏற்படும் வாய்ப்பு குறைவு என ஆய்வுகள் காட்டுகின்றன.