கட்டைவிரலை நீட்டுங்க... நட்சத்திரத்தின் தூரம் புரியும்!

கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்திப் பிடியுங்கள். முதலில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றொன்றை. விரல் அசையவில்லை, ஆனால் பின்னால் உள்ள சுவரில் இடம் மாறித் தெரிகிறது அல்லவா? விரலை முகத்தருகே கொண்டுவந்தால் இன்னும் அதிகமாக நகரும். (ஆபீஸில் இதைச் செய்தபோது பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்த்தார்!)

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸின் புத்தகம் 1543-ல் சொன்னபோது, அதை ஏற்காதவர்களின் வலுவான கேள்வி இதுதான். ஜனவரியில் சூரியனுக்கு இந்தப் பக்கம், ஜூலையில் அந்தப் பக்கம். இடையே சுமார் 30 கோடி கிலோமீட்டர். இரு கண்கள் மாதிரி இரு இடங்கள். அப்படியென்றால் நட்சத்திரங்கள் நகர்ந்து தெரிய வேண்டாமா?

டென்மார்க்கின் டைகோ பிராஹே, தொலைநோக்கி வருவதற்கு முன்பே வெறும் கண்ணால் வானத்தைத் துல்லியமாக அளந்தவர். அவரும் தேடினார். நகர்வே தெரியவில்லை. 'பூமி நகரவில்லை' என்று முடிவு செய்தார். பழைய கொள்கையைப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். இந்தக் கேள்வியைப் படித்தபின் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அவர் சறுக்கியது தூரத்தில்தான். நட்சத்திரங்கள் அவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. டைகோவின் கருவிகளுக்கு ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கை அளப்பதே பெரிய விஷயம். 1838-ல் ஜெர்மனியின் பெசல், 61 சிக்னி என்ற நட்சத்திரத்தின் நகர்வை அளந்துவிட்டார். அது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்குகூட இல்லை!

அந்த நட்சத்திரம் இருப்பது சுமார் 11 ஒளியாண்டு தூரத்தில். நமக்கு மிக நெருங்கிய நட்சத்திரங்களில் அதுவும் ஒன்று.