நீர்வழியும் பாறைவழியும்

வட அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் கொலராடோ பீடபூமி என்னும் பரந்த உயர்நிலம் ஒன்று உண்டு. அங்கே கிளென் பள்ளத்தாக்கை அடுத்த நிலம், ஆண்டிற்குப் பத்து அங்குல மழையும் பெறாத பாலையாகும். எத்திசை நோக்கினும் செந்நிற மணற்பாறையே கண்ணுக்குப் புலனாகும். நிழல் தரும் மரம் அரிது. இத்தகைய வறண்ட நிலத்தின் நடுவே, நிறைந்த காலத்தில் 186 மைல் நீளம் உடையதாகும் ஏரி ஒன்று கிடக்கின்றது என்றால் கேட்போர் வியப்படைவர்.

இஃது இயற்கை அளித்த ஏரியன்று. யூட்டா, அரிசோனா மாநிலங்களின் வழியே பாயும் கொலராடோ ஆற்றின் குறுக்கே 710 அடி உயரமுள்ள அணையைக் கட்டும் பணி 1956-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 1963-இல் அணையின் வாயில்கள் அடைக்கப்பட்டன. தேங்கத் தொடங்கிய நீர் ஏரியை நிரப்பி முடிக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின. பவல் ஏரி என்பது இதன் பெயர்.

ஏரி என்றவுடன் வட்டமாகப் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பை எண்ணிவிடுதல் கூடாது. ஆறு அறுத்த ஆழ்ந்த பள்ளத்தாக்கினுள் நீர் புகுந்து நிறைந்ததால், இவ்வேரி கிளை பல விரித்த மரத்தைப்போலத் தோன்றும். நடுமரம் ஆற்றின் பழைய வழி. கிளைகள், இருபுறத்தினின்றும் வந்து சேரும் குறுகிய பிளவுகள். சில பிளவுகளில் படகில் அமர்ந்தபடியே இருபுறச் சுவர்களையும் கையால் தொடலாம். சுவர்களோ நூற்றுக்கணக்கான அடி உயரம் செங்குத்தாக நிற்பவை. கரையில் நடந்து செல்ல வழியில்லை; ஏனெனில் பல இடங்களில் கரை என்பதே இல்லை. ஆதலின் இங்குள்ள பாறையில் ஏற விரும்புவோன் முதலில் ஓடம் செலுத்தக் கற்றல் வேண்டும். ஓடத்தில் வருவோன் அச்சுவர்களுக்கு அப்பால் என்ன இருக்கின்றது என்று காண விரும்பினால் பாறையேறக் கற்றல் வேண்டும். ஒன்றை மட்டும் அறிந்தவன் பாதி நாட்டையே கண்டவனாவான்.

இவ்வுண்மையை முதலில் நன்கு உணர்ந்தவருள் ஒருவர், ஏரிக்குப் பெயர் தந்த ஜான் வெஸ்லி பவல் ஆவார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862-இல் ஷைலோ என்னுமிடத்தில் நிகழ்ந்த சண்டையில், அவர் தம் வலக்கையை முழங்கைக்குக் கீழ் இழந்தார். ஏழாண்டு கழித்து, 1869-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள், பத்துப்பேர் நான்கு மரப்படகுகளில் அவர் தலைமையில் புறப்பட்டனர். நிலப்படத்தில் வெற்றிடமாக இருந்த பள்ளத்தாக்குகளை ஆராய்தல் அவர்தம் நோக்கம். அடுத்த மாதமே ஒரு படகு பாறையில் மோதி நொறுங்கிற்று. உடைந்த படகினுள் சிக்கிய பொருள்களுள் அவர்கள் மீட்க அரும்பாடுபட்டவை காற்றழுத்தமானிகள். மலையுச்சியின் உயரத்தை அளப்பதற்கு அக்கருவிகள் இன்றியமையாதவை. ஆற்றின் அடியிலிருந்து பார்த்தால் இரண்டு சுவர்களும் வானத்தின் ஒரு கீற்றுமே தெரியும், நாடு தெரியாது. ஆகவே படகைக் கரையில் கட்டிவிட்டுக் கருவியைச் சுமந்துகொண்டு பாறையின்மேல் ஏறுதல் அவர்களின் வழக்கமாயிற்று.

ஒருநாள் பவலும் அவர் தோழர் ஜார்ஜ் பிராட்லியும் அவ்வாறு ஏறினர். ஓரிடத்தில் பவல் தாவிப் பாறையின் ஒரு விளிம்பைத் தம் ஒரே கையாற் பற்றினார். பற்றியபின் மேலே செல்லவும் இயலவில்லை, பின்வாங்கவும் இயலவில்லை. கையை விட்டால் வீழ்ச்சி. மற்றொரு கையோ இல்லை. கால்கள் நடுங்கத் தொடங்கின. பிராட்லி வேறு வழியாக மேலே சென்றார். ஆனால் நீட்டுவதற்குக் கோலோ கொம்போ கிட்டவில்லை. கயிறும் இல்லை. அவர் சற்றும் தயங்காமல், தாம் அணிந்திருந்த உள்ளாடையைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டார். பவல் பாறையை விட்டுவிட்டு, அந்த நொடியிலேயே ஆடையைப் பற்றினார். பிராட்லி மேலே இழுத்துக்கொண்டார். கேட்பதற்கு நகைப்பாக இருப்பினும், அன்று ஓர் அறிஞரின் உயிரைக் காத்தது அவ்வாடையே.

அப்பயணத்தின் முடிவு இன்னும் எண்ணத்தக்கது. ஆகஸ்டு 28-ஆம் நாள், முன்னே தெரிந்த கொடிய நீர்ப்பாய்ச்சலைக் கண்டு அஞ்சிய மூவர், ஆற்றினும் பாறையே பாதுகாப்பானது என்று கருதிப் பள்ளத்தாக்கை விட்டு மேலேறிச் சென்றனர். அவர்கள் மேட்டு நிலத்தில் கொல்லப்பட்டனர், மீளவே இல்லை. படகை விடாத அறுவரோ இரண்டே நாளில் பள்ளத்தாக்கைக் கடந்து உயிர்பிழைத்தனர். மூவரும் கோழைகள் அல்லர். நீரையும் பாறையையும் எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தனர். அத்தேர்வு அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இன்று இவ்வேரியில் அத்தகைய பயணம் செய்வோர் கொள்ளும் ஓடம் கயாக் எனப்படும். வட துருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள், மரச்சட்டத்தின்மேல் கடல்நாய்த்தோல் போர்த்து வேட்டைக்காக அமைத்தது அது. இக்காலத்துக் கயாக்குகள் பெரும்பாலும் நெகிழியால் ஆனவை. ஒருவரோ இருவரோ கால்நீட்டி அமர்ந்து, இரு முனையிலும் அலகுடைய துடுப்பால் வலமும் இடமும் மாறிமாறித் தள்ளுவர். சில அங்குல நீரிருந்தாலே அது மிதக்கும். ஆதலால் பெரும்படகு நுழையாத பிளவினுள்ளும் புகும்.

அதன் வயிற்றில் உணவு, படுக்கை, கயிறு, தலைக்கவசம் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். கனமான பொருளை நடுவே, அடியில் வைத்தல் முறை. மேலே கட்டினால் ஓடம் எளிதில் கவிழும். கயிற்றை நீர்புகாப் பையில் இட்டுக் கட்டுதல் வேண்டும். பாறையேறிகளின் கயிறு நைலானால் ஆனது. அது நனைந்தால் வீழ்வோரைத் தாங்கும் வலிமை பெரிதும் குறையும். மணல் ஒட்டினாலோ இழைகள் உள்ளே அராவப்படும். மிதவைச் சட்டை ஓடத்திற்கு உரியது. தலைக்கவசமும் இடுப்புவாரும் பாறைக்கு உரியவை. ஓடத்திலிருந்து பாறைக்கு மாறும் இடந்தான் இடர் மிகுந்தது. செங்குத்துச் சுவரின் அடியில் ஓடத்தில் எழுந்து நின்று பிடி தேடினால், கை பாறையைப் பற்றும்போது கால் ஓடத்தைப் பின்னே தள்ளிவிடும். அதனால் அறிந்தோர் மணல்திட்டு ஒன்றைத் தேடி இறங்குவர். ஓடத்தை நீர்மட்டத்திற்கு மிக உயரே இழுத்து வைத்து, அதன்பின்னும் கட்டுவர். பாறையுச்சியை அடைந்து திரும்பிப் பார்க்கும்போது, கீழே ஓடம் காற்றில் மிதந்து அகன்று செல்லக் காண்பவன் நிலை என்னாகும்? நிலவழி இல்லை, குடிநீரும் உணவும் ஓடத்தோடு போயின. அங்கே ஓடம் என்பது ஊர்தி மட்டுமன்று, வீடும் அதுவே.

இனிப் பாறையின் இயல்பைக் காண்போம். அங்குள்ள பெருஞ்சுவர்களுட் பல நவாஹோ மணற்பாறையால் ஆனவை. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி பெருமணற்குன்றுகள் நிறைந்த பாலையாக இருந்தது. அம்மணலே பின்னர்ப் புதைந்து இறுகிப் பாறையாயிற்று. பாறையின் பக்கத்தில் சாய்வாக அடுக்கடுக்காகத் தெரியும் வரிகள், அக்காலத்துக் காற்று மணலைக் குவித்த தடங்களாகும். மணிகளை ஒன்றோடொன்று பிணைப்பது சுண்ணம் முதலிய கனிப்பொருள்களின் மெல்லிய பசை. இப்பசைக்கு நீர் பகை. மழையில் நனைந்த மணற்பாறையில் ஏறினால், உறுதியெனக் கருதிய பிடி கையோடு பெயர்ந்து வரும். மேற்புறம் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்குமாதலின், மழைக்குப்பின் ஒரு நாளேனும், பெருமழையாயின் அதற்கு மேலும், காத்திருத்தல் வேண்டும்.

ஏரிச்சுவரில் மற்றொரு நுட்பமும் உண்டு. நீர் முன்பு எட்டிய உயரம்வரை சுவரில் வெண்ணிறப் பட்டை ஒன்று படிந்திருக்கும். நீரிலிருந்த சுண்ணம் முதலியன படிந்ததால் விளைந்தது அது. அப்பட்டைக்கு மேலே பாறை செந்நிறமும் உறுதியும் உடையது. கீழே பல்லாண்டு ஊறி நலிந்தது. ஆகவே நீருக்கு அண்மையில், எளிதென்று தோன்றும் முதற் சில அடிகளே நம்பத்தகாதவை.

அடியில் நீர் இருப்பதால் விழுந்தாலும் கேடில்லை என்று எண்ணுவோர் உளர். மத்தியதரைக் கடலிலுள்ள மயோர்க்காத் தீவில், கடலை ஒட்டிய பாறைகளில் கயிறின்றி ஏறி, தவறினால் கடலில் விழும் விளையாட்டு உண்டு. அவர்கள் ஆழத்தை முன்னரே ஆராய்ந்து அறிந்தவர்கள். பவல் ஏரியின் நீர்மட்டமோ ஓராண்டிற்குள்ளேயே பல அடிகள் ஏறி இறங்கும். சென்ற ஆண்டு ஆழமாக இருந்த இடத்தில் இவ்வாண்டு நீரின் அடியில் பாறை மறைந்திருக்கலாம். ஆழமிருந்தாலும், 60 அடி உயரத்திலிருந்து விழும் உடல் மணிக்கு 40 மைலுக்கு மேற்பட்ட விரைவுடன் நீரை மோதும். அவ்விரைவில் நீர் மெத்தையாகாது. இதனால் 15 அடியோ அதற்கு மேலோ உள்ள பாறையிலிருந்து ஏரியில் குதித்தலை அங்கே சட்டம் தடுக்கின்றது.

காற்றும் அங்கே கருதத்தக்கது. காலையில் கண்ணாடிபோலிருந்த நீர், பிற்பகலில் கொந்தளிக்கக்கூடும். திறந்த கரையாயின் அலை மணலில் ஏறி அடங்கும். செங்குத்துச் சுவரில் மோதிய அலையோ திரும்பிவந்து எதிரலையோடு கலக்கும். அக்கலப்பில் ஓடம் எத்திசையில் சாயும் என்று சொல்ல இயலாது, ஒதுங்கக் கரையுமில்லை. அதனால் விடியற்காலையில் ஓடம் செலுத்தி, காற்று எழுமுன் ஒதுங்கிவிடுதல் நன்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழைக் காலம். தொலைவில் எங்கோ பெய்யும் மழை, வெற்றுப்பாறையில் ஊறாமல் ஓடிவந்து, வானம் தெளிந்திருக்கும் பிளவினுள் திடீர் வெள்ளமாகப் பாயும்.

ஏறுவதினும் இறங்குவதே கடினம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். வழவழப்பான சாய்பாறையில் ஏறும்போது கண் முன்னே பிடியைக் காணும். இறங்கும்போது கால் காணாத இடத்தைத் துழாவும். இறங்கும் வழியை முடிவு செய்துகொண்டே ஏறத் தொடங்குவர் தேர்ந்தோர்.

2000-ஆம் ஆண்டு முதல் கொலராடோ ஆற்றுப்பகுதியில் நீண்ட வறட்சி நிலவிவந்தது. நீரின் தேவையோ குறையவில்லை. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏரியின் மட்டம் நிறைநிலைக்கு ஏறத்தாழ 180 அடி கீழே இறங்கிற்று. கொள்ளளவில் நான்கில் ஒரு பங்கு நீரும் இல்லை. படகுத்துறைகள் சில வறண்டு கிடந்தன. ஆயின் நாற்பதாண்டுக்கு மேல் மூழ்கிக் கிடந்த பிளவுகளும் பாறை வளைவுகளும் வெளிவந்தன. அவற்றின் அடியில் ஓடைகள் மீண்டும் ஓடலாயின. ஓடைக்கரையில் இளமரங்கள் தழைத்தன. அங்கே செல்வோர் புதுச்சேற்றில் கால் வைக்க அஞ்சுதல் வேண்டும்; ஏரி விட்டுச் சென்ற வண்டல் சில இடங்களில் இடுப்பளவு உள்ளிழுக்கும்.

இப்பாறைகளில் முதலில் ஏறியவர் பவலும் அல்லர். பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள், மேட்டிலிருந்த தம் இருப்பிடங்களுக்கும் தானியக் கிடங்குகளுக்கும் செல்ல, கால்விரல் நுழையும் அளவிற்குச் சிறு குழிகளைப் படிகளாகக் கல்லால் கொத்தி வைத்தனர். 1776-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஸ்பானியப் பாதிரியார் இருவரின் குழுவினர், தம் விலங்குகளை ஆற்றங்கரைக்கு இறக்குவதற்குப் பாறையில் படி வெட்டினர். அவ்விடம் ஏரியில் மூழ்கிற்று. பழங்குடியினர் கொத்திய படிகளுள்ளும் பல மூழ்கின. எஞ்சியவை இன்றும் நீருக்கு மேலே சுவரில் தெரிகின்றன. அவை சட்டத்தாற் காக்கப்படுவன. நவாஹோ மக்களும் பிற குடியினரும் புனிதமெனப் போற்றும், 290 அடி உயரமுள்ள வானவிற்பாலம் என்னும் இயற்கைப் பாறைவளைவின்மீது ஏறுதலும் தடுக்கப்பட்டுள்ளது. பயணிகள் ஓடத்தைக் கரையில் விட்டு, ஒற்றையடிப் பாதையில் நடந்து சென்று, அதனைத் தொலைவில் நின்றே கண்டு திரும்புகின்றனர்.