கொல்லை மரங்கள் – 17: அரிவாளைக் கீழே வையுங்கள்

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியது. ஹூஸ்டனில் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. மின்சாரம் போய் மக்கள் கம்பளிக்குள் நடுங்கிய அந்த வாரத்தில் கொல்லை மரங்களை யார் நினைத்திருப்பார்கள்? குளிர் விலகிய பிறகு பார்த்தால், பக்கத்துக் கால்வெஸ்டன் தீவில் அரளிகள் பழுப்பேறி நின்றன.

நம்மூர் நெடுஞ்சாலைகளின் நடுவே பூக்கும் அதே அரளிதான். கால்வெஸ்டனுக்கு ‘அரளி நகரம்’ என்றே பெயர். 1841இல் ஜோசப் ஆஸ்டர்மன் என்ற வணிகர் ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்தார் என்பார்கள். 1900ஆம் ஆண்டுப் புயல் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பின், மணல் கொட்டித் தீவையே உயர்த்தினார்கள். அந்த உப்பு மண்ணைத் தாங்கியவற்றுள் அரளியும் ஒன்று. ஊர்ப் பெண்கள் சங்கமாகத் திரண்டு தெருத்தெருவாக நட்டார்கள். அப்படிப்பட்ட மரம் கருகினால் மனம் பதறத்தான் செய்யும். கை அரிவாளைத் தேடும். அங்கேதான் பொறுக்க வேண்டும்.

குளிர் படிப்படியாக ஏறினால் மரம் தன்னைத் தயார்செய்துகொள்ளும். திடீரென வந்தால் அதற்கு அவகாசமில்லை. திசுக்களில் உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீர் உறைந்து, உள்ளிருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடுகிறது. இலை காய்ந்து கருகுவது அதனால்தான். ஆனால் மண் போர்த்திய வேர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் அங்கே உயிர் இருக்கிறது; பழுப்பு என்றால் இன்னும் கீழே சுரண்டுங்கள். ஆனால் குளிர் போன மறுநாளே இதைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். பச்சையாகத் தெரிந்த கிளை சில வாரம் கழித்து வாடுவதுண்டு, செத்ததென்று நினைத்தது துளிர்ப்பதும் உண்டு. இப்போதே கவாத்து செய்தால் இளந்துளிர் கிளம்பும். அடுத்த உறைபனி அதைத்தான் முதலில் கொல்லும். வசந்தம் நன்றாகப் பிடிக்கட்டும்.

அதுவரை உரம் போடாதீர்கள். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தூரைத் தொடாமல் இரண்டு மூன்று அங்குலம் சருகு மூடாக்கு. பட்டை வெடித்திருந்தால் சாயம் எதுவும் பூசாமல் விட்டுவிடுங்கள்.

மேலெல்லாம் பட்டுப்போய்த் தூரிலிருந்து தளிர் வந்தாலும் கவலையில்லை. போத்து நட்டு வளர்ந்த அரளி என்றால் அடியில் வருவதும் அதே நிறத்தில்தான் பூக்கும். மரமாக வளர்க்க நினைத்தால் வலுவான ஒரு தளிரை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். ஒட்டுக்கட்டிய ரோஜாவுக்கும் எலுமிச்சைக்கும் இது பொருந்தாது. ஒட்டுக்குக் கீழே வருவது வேறு செடி.

வெட்டும் நாளில் கையுறை கட்டாயம்; அரளிப் பால் நஞ்சு. வெட்டிய கிளைகளைக் கொளுத்தவே கூடாது. அந்தப் புகையும் நஞ்சுதான். ஆடுமாடு எட்டாத இடத்தில் போட்டு மக்கவிடுங்கள்.

(தொடரும்)