இங்கிலாந்தில் முதியோருக்கான மன்ற வீடுகளும் வீட்டு மாற்றங்களும்

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள் பல, முதியோருக்கெனத் தனி வாடகைக் குடியிருப்புகளை நடத்துகின்றன. ஒவ்வொருவருக்கும் தனி வீடு. ஆபத்து நேர்ந்தால் இழுத்து உதவி கோர, அறைகளில் எச்சரிக்கைக் கயிறு தொங்கும்.

எனினும் பழகிய வீட்டை விட்டுச் செல்லப் பலருக்கு மனம் வருவதில்லை. குளியலறை மாடியில் அமைந்த வீடுகள் அங்கு சாதாரணம் என்பதால், படியேற முடியாமற் போவதே முதற் சிக்கலாகிறது. படிக்கட்டு மின்நாற்காலி, தரைமட்டக் குளியலிடம், வாசற் சாய்தளம் போன்றவற்றுக்கு 'மாற்றுத்திறனாளி வசதி மானியம்' கிடைக்கும். 1990இல் தொடங்கிய இம்மானியம், இப்போது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படுகிறது. மன்ற வீட்டில் இருப்போர் மட்டுமன்றி, சொந்த வீட்டினரும் தனியார் வீட்டு வாடகையாளரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். வருமானமும் சேமிப்பும் கணக்கிடப்படும். கைப்பிடி பொருத்துவது போன்ற, 1,000 பவுண்டுக்கு மேற்படாத சிறு மாற்றங்கள் தேவையுள்ளோருக்கு இலவசம்.

மானியத்தின் உச்சவரம்பு 30,000 பவுண்டு. 2008இல் வகுத்த இவ்வரம்பு, கட்டுமானச் செலவு ஏறியும் பல்லாண்டுகள் மாறாதிருந்தது. பற்றாக்குறையைச் சில மன்றங்கள் தம் விருப்புரிமையில் ஈடுசெய்கின்றன.

முழு விண்ணப்பம் சேர்ந்த 6 மாதத்துக்குள் மன்றம் முடிவு கூற வேண்டும். ஆனால் அதற்கு முன்பு வீட்டுக்கு வந்து தேவையை மதிப்பிடும் சிகிச்சையாளருக்காகக் காத்திருக்கும் காலம் இக்கணக்கில் சேராது. முதியவர் உண்மையில் தவிப்பது பெரும்பாலும் அப்போதுதான். பொறுக்காமல், ஒப்புதலுக்கு முன்பே வேலையைத் தொடங்கினால் பொதுவாக மானியம் கிடைக்காது.