வீட்டுக்கு உதவும் மின்கலக் கருவி: நம்பகமான சின்னத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தோட்டத்து லயன் வீடுகளில் கதவு கழன்றாலும் பலகைச் சுவர் பெயர்ந்தாலும் தோட்டத்து ஆசாரியிடம் சொல்லிச் சரிசெய்துகொள்வது நம் மக்களின் நெடுநாளைய வழக்கம். தோட்ட வீடுகளைப் பழுது பார்த்துப் பேணுவது நிர்வாகத்தின் கடமை என்பதை 1990 ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதித் தரச் சட்டமும் வலியுறுத்துகின்றது. ஆயினும், கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல இன்று நகரங்களாக மாறிவிட்டன. சீபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் 1970களில் சுபாங் ஜெயா எழுந்தது. பிராங் பெசார் ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் 1995 முதல் புத்ராஜெயா உருவாயிற்று. அடுக்குமாடி வீடுகளுக்கும் சொந்த வீடுகளுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் சிறு பழுதுகளைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. சாமி மேடைக்குப் பலகை பொருத்துவது, அலமாரியைச் சுவரில் நிறுத்துவது, கதவுக் கீலை முடுக்குவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆள் வைத்துக் கூலி கொடுப்பது கட்டுப்படியாகாது.

எனவேதான், பேட்டரி டிரில் என மக்கள் வழங்கும் மின்கலத் துளைக்கருவியை வாங்குவோர் பெருகி வருகின்றனர். கடைக்குச் சென்றாலும் கைத்தொலைபேசியைத் திறந்தாலும் பல நிறங்களில், பல பெயர்களில், பல விலைகளில் அக்கருவிகள் காட்சி தருகின்றன. இவற்றுள் எந்தச் சின்னம் நம்பகமானது? இக்கேள்விக்கு ஒரே சொல்லில் ஒரு பெயரைச் சொல்லிவிட இயலாது. ஆனால், ஒன்றை உறுதியாகக் கூறலாம். மின்கலக் கருவியை வாங்குகின்றவர் உண்மையில் மின்கலத்தையே வாங்குகின்றார். இன்று வாங்கும் கருவிக்கு ஐந்தாண்டுகள் கழித்தும் எந்தச் சின்னத்தின் மின்கலமும் உதிரிப் பாகமும் நம் ஊரில் கிடைக்குமோ, அதுவே நமக்கு நம்பகமான சின்னம்.

மின்கலமே கருவியின் உயிர்

கம்பியின்றி இயங்கும் துளைக்கருவியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனமாகும். அது 1961 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஜப்பானின் மக்கித்தா நிறுவனம் 1969 இல் தன் முதல் மின்கலத் துளைக்கருவியை வெளியிட்டது. அக்காலத்து நிக்கல் காட்மியம் மின்கலங்கள் கனமானவை, ஆற்றல் குறைந்தவை, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் விரைவில் வலுவிழப்பவை. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 2003 இல் லித்தியம் மின்கலம் பொருத்திய சிறு திருகாணிக் கருவியை அறிமுகப்படுத்தியது. 2005 முதல் பெரிய கருவிகளிலும் இவ்வகை மின்கலம் இடம்பெறலாயிற்று. இன்று வீட்டுக்கு வாங்கத்தக்கது லித்தியம் மின்கலம் கொண்ட கருவியே.

கருவியின் மற்ற உறுப்புகள் பல்லாண்டுகள் உழைக்கக் கூடியவை. மின்கலம் அத்தகையதன்று. பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் அது மெல்ல மெல்ல மூப்படைகின்றது. ஒரு நாள் அது செயலிழக்கும்போது, அதே வடிவில் பொருந்தும் வேறொரு மின்கலம் கிடைக்காவிடில், நல்ல நிலையில் உள்ள கருவியும் வெறும் இரும்பாகிவிடும். நிறுவனங்கள் பலவும் மின்கலத்தின் பொருத்துவாயைத் தமக்கென ஒரு வடிவில் அமைத்திருப்பதால், ஒன்றின் மின்கலம் மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. பெயர் அறியாத சின்னங்களை வாங்குவதில் உள்ள பெரும் இடர் இதுவேயாகும்.

எண்களைக் கண்டு மயங்கலாகாது

பெட்டியின்மேல் 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்றெல்லாம் அச்சிடப்பட்டிருக்கும். எண் பெரிதானால் வலிமையும் பெரிது என எண்ணுவோர் பலர். உண்மை வேறு. லித்தியம் கலம் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து கலங்களை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். முழுமையாக மின்னேற்றிய நிலையில் கலம் ஒன்று 4 முதல் 4.2 வோல்ட் வரை காட்டும். அப்போது அதே ஐந்து கலங்களை 20 என்றும் 21 என்றும் கூறலாம். ஆகவே, இம்மூன்றும் ஒரே வலிமையுடைய மின்கலத்தின் வெவ்வேறு பெயர்களேயாகும். உள்ளே ஐந்து கலங்களை வரிசையாக வைத்துக்கொண்டு, மேலே 48 என்றோ 88 என்றோ எழுதினால், அவ்வெழுத்து கருவிக்கு வலிமை சேர்ப்பதில்லை.

மின்னழுத்தத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஆம்பியர் மணி அளவு. 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி மின்கலம் 36 வாட் மணி ஆற்றலைத் தாங்கும்; 5 ஆம்பியர் மணி மின்கலம் 90 வாட் மணி தாங்கும். முன்னது இலேசானது, வீட்டு வேலைக்குப் போதுமானது. பின்னது கனமானது, நாள் முழுவதும் உழைப்போருக்கு உரியது. பலகை வேலைக்கும் திருகாணி முடுக்குவதற்கும் மட்டும் என்றால், மூன்று கலங்கள் கொண்ட 12 வோல்ட் கருவியே போதும்.

சின்னமும் அதன் வரிசையும்

நற்பெயர் பெற்ற நிறுவனங்களும் தம் கருவிகளை ஒரே தரத்தில் செய்வதில்லை. போஷ் நிறுவனத்தின் பச்சை நிறக் கருவிகள் வீட்டுப் பயனுக்கும், நீல நிறக் கருவிகள் தொழில் செய்வோருக்கும் என வகுக்கப்பட்டவை. 18 வோல்ட் வரிசையில் பச்சைக் கருவியின் மின்கலம் நீலக் கருவிக்குப் பொருந்தாது. பிளாக் அண்ட் டெக்கர், டிவால்ட் ஆகிய இரண்டும் இன்று ஒரே நிறுவனத்தின் உடைமைகள். எனினும், முன்னது வீட்டுக்கு, பின்னது தொழிலாளிக்கு; மின்கலங்களும் வெவ்வேறு. முன்பு ஹித்தாச்சி எனப் பெயர் பெற்றிருந்த கருவிகள் 2018 முதல் ஹைகோக்கி என்னும் பெயரில் வருகின்றன. பெயர் மாறியமை கண்டு அதைப் போலி எனக் கருத வேண்டியதில்லை.

எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும் தரத்திற்குச் சான்றாகாது. மக்கித்தாவிற்குச் சீனாவில் தொழிற்சாலை உண்டு. போஷ் நிறுவனம் நம் பினாங்கிலேயே கருவிகளைத் தயாரிக்கின்றது. தயாரிப்பவர் பொறுப்பேற்கின்றாரா என்பதே கேள்வி.

மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் பயன்படுத்தும் குடும்பத்திற்கு வீட்டு வரிசைக் கருவி போதும். ஓய்வு நாள்களில் அக்கம்பக்கத்தில் தச்சு வேலை செய்து வருமானம் தேடுவோர், தொழில் வரிசைக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது வீணாகாது. அவ்வரிசையில் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட கருவியைத் தேர்ந்தால், தேய்மானம் குறையும். மின்கலமும் நெடுநேரம் தாங்கும்.

சுவரை அறிந்து கருவியை வாங்குக

கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்த 1881 க்குப் பின்னர், கட்டடங்களைச் செங்கல்லால் எழுப்ப வேண்டியதாயிற்று. அதற்கான செங்கல்லைச் சுட்ட சூளைகளால் பெயர் பெற்றதே பிரிக்பீல்ட்ஸ். செங்கற் சுவரில் துளையிடுவதற்கு, சுழன்றுகொண்டே இடிக்கும் அமைப்புடைய 18 வோல்ட் துளைக்கருவி போதுமானது. ஆனால், தூண், விட்டம், அடுக்குமாடி வீடுகளின் சில சுவர்கள் ஆகியவை கான்கிரீட்டால் ஆனவை. அவற்றைச் சாதாரணக் கருவியால் துளைக்க முயன்றால் அலகு மழுங்கும். மோட்டார் சூடேறிக் கெடும். அதற்கென உள்ள இடிப்புக் கருவியை வாடகைக்கோ இரவலாகவோ பெறுவதே நலம். மேலும், மின்பொத்தானுக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் மின்கம்பி செல்லக்கூடும். அவ்விடங்களில் துளையிடுவதைத் தவிர்த்தல் வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

பால் வெட்டும் தொழிலாளி பிடியின் அழகைப் பார்த்துக் கத்தி வாங்குவதில்லை. அதன் இரும்பையும் கூர் நிற்பதையும் பார்த்தே வாங்குகின்றார். அதே விழிப்பு இங்கும் தேவை. முதலாவதாக, பழுது பார்க்கும் நிலையம் கிள்ளானிலோ, ஷா ஆலத்திலோ, கோலாலம்பூரிலோ உள்ளதா எனக் கேட்க வேண்டும். இரண்டாவதாக, இதே மின்கலம் தனியாக விற்கப்படுகின்றதா, அதன் விலை என்ன எனக் கேட்க வேண்டும். கையில் எடுத்துக் காட்ட முடியாத மின்கலத்தை நம்பலாகாது. மூன்றாவதாக, உத்தரவாதம் கருவிக்கு எவ்வளவு காலம், மின்கலத்திற்கு எவ்வளவு காலம் என்பதைப் பிரித்துக் கேட்க வேண்டும். நான்காவதாக, சொல்லப்படும் விலையில் மின்கலமும், சார்ஜர் எனப்படும் மின்னேற்றியும் அடங்கியுள்ளனவா எனக் கேட்க வேண்டும். மலிவு எனத் தோன்றும் விலை கருவிக்கு மட்டுமே உரியதாக இருப்பதுண்டு.

சுவர் மின்சாரத்தில் செருகப்படுவது மின்னேற்றியாகையால், அதில் எரிசக்தி ஆணையம், சிரிம் ஆகியவற்றின் பெயர் தாங்கிய ஒட்டுச்சீட்டு உள்ளதா எனவும், நம் நாட்டுக்குரிய மூன்று முனைச் செருகி உள்ளதா எனவும் பார்த்தல் அவசியம்.

மலிவின் கணக்கு

2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு வேலை நாள்கள் எனக் கொண்டால், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. 400 வெள்ளிக்கு ஒரு கருவியை வாங்கினால், அது ஆறு நாள் உழைப்புக்கு ஈடாகும். 150 வெள்ளிக் கருவி இரண்டு நாள் உழைப்புக்குச் சற்று மேல். மலிவானது சிறந்தது எனத் தோன்றும். ஆனால், அதன் மின்கலம் ஓராண்டில் செயலிழந்து, மாற்று மின்கலம் கிடைக்காமல் இன்னொன்றை வாங்கி, அதுவும் அவ்வாறே ஆனால், 300 வெள்ளி செலவாகியும் வீட்டில் கருவி இராது. 400 வெள்ளிக் கருவிக்கோ மின்கலம் மட்டும் மாற்றினால் போதும்.

ஆண்டுக்கு இருமுறை மட்டுமே துளையிடும் குடும்பத்திற்கு இன்னொரு வழியும் உண்டு. கம்பியுடன் கூடிய மின்துளைக்கருவி விலை குறைவு. மூப்படைவதற்கு அதில் மின்கலமே இல்லை. ஒரே மாடியில் வாழும் நான்கு குடும்பங்கள் பங்கிட்டு ஒரு நல்ல கருவியை வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்துவதும் வரவேற்கத்தக்கது.

சட்டம் தரும் பாதுகாப்பு

1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுப் பயனுக்கு வாங்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருத்தல் வேண்டும். நியாயமான காலத்திற்குப் பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் கிடைக்கச் செய்யும் பொறுப்பும் உண்டு. ஆனால், அவ்வசதி இல்லை என வாங்கும்போதே தெரிவித்துவிட்டால், அந்தப் பொறுப்பு நீங்கிவிடும். ஆதலால், பெட்டியிலும் ரசீதிலும் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தல் வேண்டும்; படிக்க இயலாதோர் பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொண்டு படித்தறிய வேண்டும்.

கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்றாண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 2019 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கின்றது. இதற்கெல்லாம் ஆதாரம் ரசீதே. இணையத்தில் வாங்குவோர் விற்பவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுதல் நலம்.

பேணும் முறை

லித்தியம் மின்கலத்திற்குப் பெரும்பகை வெப்பம். பொதுவாக 10 முதல் 40 பாகை செல்சியஸ் வெப்பத்திற்குள் மின்னேற்றுமாறு தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். வெயிலில் நிறுத்திய காரிலும், மோட்டார் சைக்கிள் பெட்டியிலும், தகரக் கூரையின்கீழ் உள்ள சாமான் அறையிலும் மின்கலத்தை விட்டுவைக்கலாகாது. வேலை முடிந்ததும் சூடாக உள்ள மின்கலத்தை ஆறவிட்டே மின்னேற்ற வேண்டும். நெடுநாள் பயன்படுத்தாதபோது பாதியளவு மின்னேற்றி நிழலில் வைப்பது நல்லது. அனைவரும் உறங்கும் நேரத்தில் மின்னேற்றுவதைத் தவிர்க்க வேண்டும். போலி மின்கலங்களில் அளவு மீறிய மின்னேற்றத்தைத் தடுக்கும் அமைப்பு இல்லாதிருக்கலாம். அவை தீப்பற்றக் கூடியவை. வீங்கிய அல்லது பழுதான மின்கலத்தைக் குப்பையோடு எரிக்காமலும் கால்வாயில் எறியாமலும், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

மின்கலக் கருவிகள் வீட்டோடு நின்றுவிடப் போவதில்லை. சீனாவின் ஹைனான் தீவிலுள்ள வெப்பமண்டல வேளாண்மை ஆய்வுக் கழகம், மின்கலத்தால் இயங்கும் பால்வெட்டுக் கத்தியை உருவாக்கியுள்ளது. அத்தகைய கருவி நம் கைக்கு வரும் நாளிலும் இதே கேள்விகளையே கேட்க வேண்டியிருக்கும். மாற்று மின்கலம் எங்கே கிடைக்கும்? பழுதானால் யார் பார்ப்பார்? உத்தரவாதம் யாருடையது? இவற்றுக்குத் தெளிவான மறுமொழி கிடைத்த பின்னரே, உழைத்துச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுத்தல் வேண்டும்.