காணாமற்போகும் மீட்புப் புள்ளிகள்

பழைய அச்சுப்பொறி ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே வேலை செய்யும். வேறு சில மென்பொருள்களுக்கோ விண்டோஸ் 7 வேண்டும். இரண்டையும் ஒரே கணினியில் நிறுவிக்கொள்வது பள்ளிகளில் நாம் கையாளும் வழிதான். இப்படிப்பட்ட கணினியைப் பற்றி ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “போன வாரம் மீட்புப் புள்ளி உருவாக்கி வைத்தேன் சார், இப்போது பட்டியலே காலியாக இருக்கிறதே?”

முதலில் எல்லோரும் வைரஸைத்தான் சந்தேகிப்பார்கள். காரணம் அதுவன்று. இடையில் யாரோ ஒருவர் எக்ஸ்பியைத் திறந்திருப்பார். அச்செடுக்க ஒரே ஒரு முறை திறந்திருந்தாலும் போதும்.

இரண்டும் வன்தட்டின் வெவ்வேறு பிரிவுகளில் இருக்கும்போது ஒன்று மற்றொன்றை எப்படித் தொடும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 7 மீட்புப் புள்ளிகளைத் தனித்தனிக் கோப்புகளின் நகல்களாக வைப்பதில்லை. வன்தட்டின் ஒரு பகுதியில் புதிய தகவல் எழுதப்படும் முன், அங்கிருந்த பழைய தகவலை எடுத்து ஒதுக்கி வைக்கிறது. கரும்பலகையை அழிக்கும் முன் அழியப்போகும் வரியை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வதைப் போல. இதை நிழற்படி என்பர். 2001-இல் வந்த எக்ஸ்பிக்கு இந்த அமைப்பு புரியாது. அது தொடங்கும்போது கண்ணில் படும் எல்லாப் பிரிவுகளையும் இணைத்துக்கொள்கிறது. அங்குள்ள நிழற்படிகளை நீக்கிவிடுகிறது. எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது. விஸ்டாவுடன் எக்ஸ்பி இருந்தாலும் இதே கதைதான்.

மீட்புப் புள்ளி போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? ஒரு கோப்பின் ‘முந்தைய பதிப்புகள்’ என்ற வசதியும் நிழற்படிகளையே நம்பியிருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் யாரோ தவறாகத் திருத்திச் சேமித்துவிட்டால், முந்தைய நிலையைத் தேடி நாம் போவது அங்கேதான். அதுவும் சேர்ந்தே போய்விடும். போனவற்றை மீட்க வழியில்லை.

இனிமேல் போகாமல் தடுக்கலாம். விண்டோஸ் 7 இருக்கும் பிரிவை எக்ஸ்பியின் கண்ணில் படாமல் செய்ய வேண்டும். எக்ஸ்பியின் ரெஜிஸ்ட்ரியில், லோக்கல் மெஷின், சிஸ்டம் வழியாக ‘மவுண்டட் டிவைசஸ்’ பகுதிக்குச் சென்று, அதனுள் ‘ஆஃப்லைன்’ என்ற உட்பகுதியை உருவாக்கி, அந்தப் பிரிவின் எழுத்தைக் குறிக்கும் டிவேர்டு மதிப்பை 1 என இட வேண்டும். எக்ஸ்பி எந்த எழுத்தால் அந்தப் பிரிவை அழைக்கிறதோ அதையே இட வேண்டும். 7-இல் தெரியும் எழுத்து வேறாக இருக்கக்கூடும். ரெஜிஸ்ட்ரியில் பழக்கமில்லாதவர்கள் இதைக் கணினி ஆசிரியரிடமே விட்டுவிடுவது நல்லது. இதன்பின் எக்ஸ்பியிலிருந்து அந்தப் பிரிவின் கோப்புகளைத் திறக்க முடியாது. அச்செடுக்க வேண்டியவற்றைப் பென்டிரைவில் கொண்டுபோக வேண்டியதுதான்.

விண்டோஸ் 7 புரொஃபஷனல் பதிப்பு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ‘எக்ஸ்பி மோடு’ மூலம் 7-க்குள்ளேயே எக்ஸ்பியை ஒரு சாளரத்தில் இயக்கலாம், நிழற்படிகளுக்கு ஆபத்தில்லை. பழைய அச்சுப்பொறி யுஎஸ்பி வகையாக இருந்தால் பெரும்பாலும் அதிலேயே வேலை முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது இதுதான்.

எந்த வழியானாலும், மதிப்பெண் பட்டியலின் ஒரு நகல் கணினிக்கு வெளியே இருக்கட்டும்.